கடலில் ஒரு நாள்: யாருக்கு விடுமுறை?

கப்பலில் போய்விட்டு வந்து கப்பலைத் திட்டி எழுதுவது ஆங்கிலத்தில் ஒரு தனி வகைமையாகவே ஆகிவிட்டது. செய்முறை எளிது. ஒரு பத்திரிகை டிக்கெட் எடுத்துத் தரும். கூட்டம் ஆகாத, நடனம் வராத, பஃபே வரிசையில் நிற்கக் கூசுகிற ஓர் எழுத்தாளர் சொகுசுக் கப்பலில் ஏறுவார். ஏழு இரவு கழித்து இறங்கி வந்து, தான் பட்ட பாட்டைப் பத்தாயிரம் சொற்களில் சொல்லுவார். நாமும் சிரித்துச் சிரித்துப் படிப்போம். 2023இல் லாரன் ஆய்லர் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதினார். 2024இல் கேரி ஷ்டெய்ன்கார்ட் அட்லாண்டிக் இதழில், அப்போது உலகிலேயே பெரிய சொகுசுக் கப்பலாக இருந்த ஐகான் ஆஃப் தி ஸீஸின் முதல் பயணத்தில் ஏறிவிட்டு வந்து எழுதினார். இவர்கள் எல்லாருக்கும் முன்னால், எல்லாருக்கும் மேலே, டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் உட்கார்ந்திருக்கிறார்.

1995 மார்ச்சில் ஹார்ப்பர்ஸ் அவரைக் கரீபியன் கடலில் ஏழு இரவுப் பயணம் ஒன்றுக்கு அனுப்பியது. கப்பலின் பெயர் ஜெனித், அதாவது வானுச்சி. வாலஸ் தன் கட்டுரையில் அதற்கு 'நேடிர்' என்று பெயர் மாற்றினார். உச்சிக்கு நேர் எதிரே, காலுக்குக் கீழே இருக்கும் புள்ளி. கட்டுரை 1996 ஜனவரி இதழில் 'ஷிப்பிங் அவுட்' என்று வந்தது. அடுத்த ஆண்டு தொகுப்பாக வந்தபோது இன்னும் நீண்டு, 'வேடிக்கையானது என்று சொல்லப்படும், இனிமேல் நான் செய்யவே மாட்டாத ஒரு காரியம்' என்ற பொருளில் தலைப்பும் நீண்டு, அந்த நூலுக்கே பெயராகவும் ஆனது. அடிக்குறிப்புகள் மட்டும் நூற்றுக்கு மேல்.

என் வயதுக்காரர்கள், குறிப்பாக எஞ்சினியரிங் படித்துவிட்டு இலக்கியத்துக்குள் வந்தவர்கள், பலரும் வாலஸைக் கொஞ்ச நாள் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்கள்தான். அடிக்குறிப்புக்குள் அடிக்குறிப்பு போடுகிற ஆள் என்றால் நமக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அந்தக் கட்டுரையை இப்போது எடுத்துப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வந்து நிற்கிறது. இது ஓய்வைப் பற்றிய கட்டுரை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் இது வேலையைப் பற்றிய கட்டுரை. வேலையைப் பற்றியது என்று தெரிந்த பிறகு படித்தால், அது எங்கே உச்சத்தைத் தொடுகிறது, எங்கே வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிடுகிறது என்பது இரண்டுமே தெரிகிறது.

சும்மா இருப்பதற்கு ஓர் அட்டவணை

எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் நாள் முழுக்கக் கடலிலேயே போகும் நாளைக் கப்பல்காரர்கள் 'ஸீ டே' என்பார்கள். கடல்நாள் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் இதுதான் ஓய்வின் உச்சம். இறங்க ஊர் இல்லை, பார்க்கக் கோயில் இல்லை, ஏமாற்ற ஆட்டோக்காரர் இல்லை. நீலம், சாய்வு நாற்காலி, கையில் குளிர்ந்த கிளாஸ்.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் இதுவே கப்பலின் பரபரப்பான வியாபார நாள். துறைமுகத்தில் நிற்கும்போது உள்ளூர்ச் சட்டங்கள் காரணமாகப் பெரும்பாலும் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் மூடியிருக்கும். கரை விலகிய பிறகுதான் அவை திறக்கும். டிக்கெட் விலை ஆளை ஏற்றுவதற்கு. லாபத்தில் ஒரு முக்கியமான பங்கு ஏறிய பிறகு அவர் செலவழிப்பதில் இருக்கிறது. ஏறியவர் எங்கும் இறங்க முடியாத நாள்தான் கடல்நாள். கையில் காசு புழங்காது. அட்டையை நீட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும், கணக்கு கடைசி நாளில் வரும்.

வாலஸ் தன் கட்டுரையின் ஒரு நீண்ட பகுதியில் ஒரு நாளை மணிவாரியாகப் பதிவு செய்கிறார். அறைக்கு வரும் அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து இரவு வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிறார். பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் சுடுகிறார், ஒன்றும் விழுவதில்லை. நூலகத்தில் ஒன்பது வயதுச் சிறுமியிடம் சதுரங்கத்தில் தோற்கிறார். பிங்பாங் ஆடுகிறார். இரவில் மனவசியக்காரரின் நிகழ்ச்சி. படித்து முடிக்கும்போது நமக்கே மூச்சு வாங்குகிறது. சிரிப்பு வருவது ஓர் எளிய முரணால்தான்: ஒன்றும் செய்யாமல் இருக்க வந்த இடத்தில் ஒரு நொடிகூட ஒன்றும் செய்யாமல் இருக்க முடியவில்லை.

தமிழில் 'சும்மா' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. வேலையில்லாமல் என்றும் பொருள், காசில்லாமல் என்றும் பொருள், காரணமில்லாமல் என்றும் பொருள். "எங்க போற?" "சும்மாதான்." சும்மா இருப்பதுதான் உள்ளதிலேயே கடினமான காரியம் என்று அருணகிரிநாதரிலிருந்து தாயுமானவர் வரை தவித்திருக்கிறார்கள். சொகுசுக் கப்பல் விற்பதாகச் சொல்வது இந்தச் சும்மாவைத்தான். கொடுப்பதோ, மூன்று பொருளிலும் சும்மா இல்லாத ஒன்று: அங்கே நேரம் நிரப்பப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

ஏ.கே. செட்டியாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் அவர் இருந்தார். காந்தியின் பிறந்தநாள். அட்லாண்டிக் நடுவே அந்த நாளில்தான், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பிறகு நாடு நாடாக அலைந்து துண்டுப் படங்களைத் திரட்டி, 1940இல் 'மகாத்மா காந்தி' படத்தை வெளியிட்டார். அந்தக் காலத்துப் பயணக் கப்பலில் கடல்நாள் என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாமே கடல்நாள்தான். ஊர் போய்ச் சேரும் வரை பொழுது கிடக்கும், கிடக்கும் பொழுதில் மனம் எங்காவது போய் நிற்கும். சொகுசுக் கப்பல் முதலில் கை வைப்பது அந்தக் கிடக்கும் பொழுதில்தான்.

முப்பது நிமிட மர்மம்

வாலஸ் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவருடைய அறையைப் பற்றியது. அவர் அறையை விட்டு வெளியே போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால், திரும்பி வரும்போது அறை பளிச்சென்று இருக்கிறது. படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல், துண்டு புதிதாக. அரை மணிக்குள் திரும்பினால் போட்டது போட்டபடி கிடக்கிறது. அவர் எப்போது போவார், எப்போது வருவார் என்று அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? யாரும் நின்று பார்க்கிற மாதிரி இல்லை. வாலஸ் சோதனையில் இறங்குகிறார். வெவ்வேறு நேரம் வெளியே போய், வெவ்வேறு நேரத்தில் திடீரென்று திரும்பி வருகிறார். கேமரா எங்கே என்று தேடுகிறார்.

இது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. பிளாக் பாக்ஸ் டெஸ்டிங் என்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஓர் அமைப்புக்கு வெவ்வேறு உள்ளீடு கொடுத்து, வெளியீட்டை வைத்து அதன் விதியைக் கண்டுபிடிப்பது. வாலஸ் அதை அச்சு அசலாகச் செய்கிறார். முப்பது நிமிடம் என்ற வரம்பு வரைக்கும் கண்டுபிடித்துவிடுகிறார்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு மனுஷி. கப்பல் ஊழியர்கள் மாடாக உழைப்பதை வாலஸ் பார்க்காமல் இல்லை. பல இடங்களில் குறிப்பிடுகிறார், பரிவோடும் குறிப்பிடுகிறார். இருந்தும் இந்த மர்மத்தின் முடிவில் கட்டுரை போய்ச் சேருவது அவருடைய உள்ளத்துக்குத்தான்: இவ்வளவு கவனிப்பு எனக்கு ஏன் குற்றவுணர்வைத் தருகிறது, அம்மாவின் கவனிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று. நல்ல கேள்விகள்தான். முப்பது நிமிடத்தை அந்தப் பெண் எப்படிக் கணக்கு வைத்தார், ஒரு நாளில் அவருக்கு எத்தனை அறை, எத்தனை முப்பது நிமிடங்கள் என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கதவை அவர் தட்டுகிறார், திறப்பதில்லை.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 2006இல் நிறைவேறி, 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றது. கப்பல் ஊழியருக்கு அது வைக்கும் உச்சவரம்பு இது: 24 மணி நேரத்தில் 14 மணி நேர வேலை, ஏழு நாளில் 72 மணி நேரம். கவனியுங்கள், இது தொழிலாளியைக் காப்பாற்ற வந்த வரம்பு. பல கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, லைபீரியா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. ஒரு நாட்டுக்காரர் முதலாளி, இன்னொரு நாட்டுக் கொடி, அதிகாரிகள் ஓர் ஊர், துடைப்பவர்கள் வேறு ஊர். வாலஸ் போன கப்பலில் அதிகாரிகள் கிரேக்கர்கள். மேலே இருப்பவருக்கு ஏழு இரவு, கீழே இருப்பவருக்கு மாதக்கணக்கில் ஒப்பந்தம். ஒரே கப்பலில் இரண்டு விதமான நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெட்டியைத் தூக்கியவர்

கட்டுரையின் உச்சம் என்று நான் நினைப்பது ஒரு சின்னச் சம்பவம். பயணத்தின் தொடக்கத்தில், வேலையில் திணறிக்கொண்டிருந்த லெபனான் நாட்டுப் போர்ட்டர் ஒருவரைப் பார்த்து இரக்கப்பட்டு, வாலஸ் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறார். நல்ல மனசு. விளைவு? பயணி ஒருவர் தன் பெட்டியைத் தானே சுமந்து போனதாகப் புகார் போகிறது. போர்ட்டருக்கு அவருடைய தலைமைப் போர்ட்டரிடம் திட்டு. தலைமைப் போர்ட்டருக்கு அவருக்கு மேலே இருப்பவரிடம் திட்டு. கடைசியில் ஒரு கிரேக்க அதிகாரி அறைக்கே வந்து, நடந்த பெருங்குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறார். வாலஸ் பதறிப்போய் அந்தப் போர்ட்டரைக் காப்பாற்ற என்னென்னவோ சொல்லிப் பார்க்கிறார்.

அலுவலகத்தில் 'எஸ்கலேஷன்' என்ற சொல்லைக் கேட்டு வயிறு கலங்கியிருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி உடனே புரியும். வாடிக்கையாளர் கோபப்பட்டால்கூடச் சமாளிக்கலாம். அவர் நம் வேலையை அன்பாகத் தானே செய்துவிட்டார் என்றால் தொலைந்தோம். "அப்புறம் நீ எதுக்கு இருக்க?" என்ற கேள்வி மேலிருந்து வரும்.

தனிமனிதக் கருணை ஓர் அமைப்புக்குள் நுழையும்போது என்ன ஆகும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பக்கங்கள் நான் படித்ததில் குறைவு. உதவி செய்தவருக்கு மன்னிப்பு, உதவி பெற்றவருக்குத் தண்டனை. வாலஸ் இங்கே தன் குற்றவுணர்வைக் கடந்து, அந்த அமைப்பின் எலும்புக்கூட்டைத் தொட்டுவிடுகிறார். வேலை என்பது இங்கே பெட்டியைச் சுமப்பது மட்டுமல்ல; பெட்டியைச் சுமக்கும் ஆளாகத் தெரிவதும் வேலைதான்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, தொழில்முறைப் புன்னகையைப் பற்றி அவர் எழுதும் நீண்ட அடிக்குறிப்பு. நம்மிடம் ஏதோ எதிர்பார்த்துச் சிரிக்கிறவர்கள் பெருகப் பெருக, உண்மையான சிரிப்பைக்கூட நம்ப முடியாமல் போகிறது என்கிறார். அதன் நீட்சியாகத்தான் ஃபிராங்க் கான்ராய் விவகாரம் வருகிறது. அமெரிக்காவில் மதிக்கப்பட்ட எழுத்தாளரான கான்ராய், கப்பல் நிறுவனத்தின் விளம்பர ஏட்டில் அனுபவக் கட்டுரை ஒன்றைக் கட்டணம் பெற்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைத் துருவி விசாரிக்கும் வாலஸ் வைக்கும் வாதம் இது: விளம்பரம் விளம்பரமாக வந்தால் தப்பில்லை, கலையின் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்தால், அது கலையின் மீதான நம்பிக்கையையே அரித்துவிடும். பணம் வாங்கிக்கொண்டு 'என் மனசாரச் சொல்றேன் மக்களே' என்று தொடங்கும் வீடியோக்களுக்கு நடுவே வாழும் நமக்கு, இந்தப் பக்கங்கள் நேற்று எழுதியவை போல இருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. வாலஸின் நெருங்கிய நண்பரும் நாவலாசிரியருமான ஜோனதன் ஃப்ரான்சன் 2011இல் பொதுமேடை ஒன்றில், இந்தக் கப்பல் கட்டுரையில் வரும் உரையாடல்கள் எல்லாமே நடந்தவை அல்ல என்ற பொருளில் பேசினார். வாலஸ் 2008இல் இறந்துவிட்டதால் அவர் பதில் நமக்குக் கிடைக்காது. கான்ராயின் நேர்மையைக் கேள்வி கேட்ட கட்டுரையே தன் தரவுகளில் கை வைத்திருந்தால் என்ன செய்வது? 'எழுத்தாளர் அப்படித்தான் இருப்பார், உணர்வுதானே முக்கியம்' என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நடந்ததாகச் சொல்லும் கட்டுரை நடந்ததைச் சொல்ல வேண்டும். குறிப்பாக, பதில் சொல்ல மேடை இல்லாத ஊழியர்களின் வாயில் சொற்களை வைக்கும்போது. அதே சமயம், கான்ராய் விற்றது ஒரு கப்பலை. வாலஸ் கூட்டியிருந்தால் கூட்டியது ஒரு கட்டுரைக்காக. இரண்டும் ஒரே தட்டில் நிற்காது. நிற்காது என்றாலும் தராசு தராசுதான்.

அம்மாவுக்கு யார் அம்மா?

வாலஸின் மையக் கோட்பாடு இது. நமக்குள் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அதற்கு எப்போதும் ஏதாவது வேண்டும். கப்பல் அந்தக் குழந்தையிடம்தான் பேசுகிறது: 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு.' ஆனால் குழந்தை அடங்குவதில்லை. தேவை தீரத் தீர, வேண்டுவதன் அளவு ஏறிக்கொண்டே போகிறது. தன் கப்பலுக்குப் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் கப்பல் வந்து நின்றதும், அது தன்னுடையதைவிட நன்றாக இருப்பதாக அவருக்குப் பொறாமை வருகிறது. இரண்டு நாளுக்கு முன்பு சொர்க்கமாக இருந்தது இப்போது குறையாகத் தெரிகிறது. ஐந்து நொடியில் திறந்த செயலியை நாங்கள் இரண்டு நொடிக்குக் கொண்டுவந்தால், பயனர் ஒரு வாரம் மகிழ்வார். எட்டாம் நாள் 'ஸ்லோவா இருக்கு' என்று புகார் வரும். வாலஸ் சொன்னது அவ்வளவு சரி.

அவர் போன ஜெனித் சுமார் 47,000 டன். இப்போதைய ஐகான் சுமார் 2,48,000 டன், 7,600 பயணிகள் வரை ஏறலாம், ஊழியர்கள் மட்டும் 2,350 பேர். (இந்த டன் எடைக் கணக்கல்ல, உட்பரப்பின் கொள்ளளவுக் கணக்கு.) குழந்தை ஐந்து மடங்கு வளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கோட்பாடு எல்லாருக்கும் பொருந்துமா?

சில ஆண்டுகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சொகுசுக் கப்பல் போகிறது. 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். நானும் ஒருமுறை அலுவலக நண்பர்களின் குடும்பங்களோடு இப்படி ஒரு கப்பலில் இரண்டு இரவு போனேன். நண்பர் ஒருவரின் அம்மா மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். மேஜிக் ஷோவுக்குக் கூப்பிட்டோம்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. கல்யாணம் ஆனதுலருந்து நான் இப்படி உட்கார்ந்ததே இல்ல. சாப்பாடு வருது, தட்டு போகுது. யாரோ கழுவுறாங்க. பாத்துட்டு இருக்கேன்."

கடலைப் பார்ப்பதாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தட்டு எடுக்கும் பையனை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பி காலையில ஏழு மணிக்கும் இங்கதான் நின்னுச்சு" என்றார்.

வாலஸின் கோட்பாட்டில் பயணி என்பவர் ஒரு காலத்தில் அம்மாவால் கவனிக்கப்பட்ட குழந்தை. கவனித்த அம்மாவே பயணியாக வந்தால்? அவருக்கு இது கருப்பைக்குத் திரும்புவது அல்ல. வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகிய ஒன்றை முதல்முறையாக வாங்கிக்கொள்வது. அதில் அவமானப்பட ஒன்றுமில்லை, கேலி செய்யவும் ஒன்றுமில்லை. சக பயணிகளின் உடல்களை, ஆடைகளை, ஆசைகளை வாலஸ் வர்ணிக்கும் இடங்களில் ஓர் அருவருப்பு தெரிகிறது. துறைமுகத்தில் இறங்கும் சக அமெரிக்கர்களை மேல்தளத்திலிருந்து பார்க்கும் இடத்தில் அது உச்சத்துக்குப் போகிறது. தன்னையும் அதில் சேர்த்துக்கொள்கிறார், அது அவர் பெருந்தன்மை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நாற்பது வருடம் அடுப்படியில் நின்ற கால்களும் இருந்திருக்கும். அந்தக் கால்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அந்தக் கட்டுரையிடம் கண்ணாடி இல்லை.

இதற்காகக் கப்பலைக் கொண்டாடிவிடவும் முடியாது. அந்த அம்மா இறக்கிவைத்த தட்டு காற்றில் மறையவில்லை. காலை ஏழு மணிக்கே வந்து நின்ற ஒரு பையன் கைக்கு மாறியிருக்கிறது. அவன் அம்மா எந்த ஊரில் எந்த அடுப்புக்கு முன்னால் நிற்கிறாரோ. இதை அந்த மேல்தளத்தில் கவனித்த ஒரே ஆள், தட்டு எடுத்துப் பழகியவர். இந்த முடிச்சைத்தான் நல்ல கப்பல் கட்டுரை ஒன்று பிடிக்க வேண்டும். 'சொகுசு அபத்தம்' என்று சொல்வது எளிது. ஒருவர் இளைப்பாறுவது நியாயம், அதற்கு இன்னொருவர் களைத்துப்போவதும் நடக்கிறது, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது கஷ்டம்.

ஷ்டெய்ன்கார்ட் இதைச் செய்வார் என்று எதிர்பார்த்தேன். ஆளும் நேரமும் சரியாக இருந்தது. மீட்பால் வாசகம் போட்ட டீஷர்ட்டை மாட்டிக்கொண்டு நண்பர்களைத் தேடி அலைகிறார், யாரும் ஒட்டவில்லை. சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் கட்டுரையின் சோகம், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காத ஓர் எழுத்தாளரின் சோகம். வாலஸ் வாசல் வரையாவது போனார்.

காலி அரங்கம்

சினிமாவில் இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன், இரண்டும் 2010இல் வந்தவை.

ஒன்று, கோதாரின் 'ஃபிலிம் சோஷியலிஸ்மே'. அதன் முதல் பகுதி மத்தியதரைக் கடலில் ஒரு சொகுசுக் கப்பலில் நடக்கிறது. சூதாட்ட இயந்திரங்கள், பஃபே, நடன விளக்குகள், தரம் குறைந்த கேமராவில் பிசிறடிக்கும் படங்கள். தத்துவவாதி அலென் பதியு வடிவியலைப் பற்றிக் கப்பலின் அரங்கில் சொற்பொழிவாற்றுகிறார். அரங்கில் ஒருவர்கூட இல்லை. கப்பலில் எல்லா நிகழ்ச்சிக்கும் ஆள் வரும், சிந்தனைக்கு மட்டும் வராது என்று கோதார் சொல்கிறார் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்கு அந்தக் காட்சி தத்துவவாதியையும் சேர்த்தே கேள்வி கேட்பதாகப் படுகிறது: ஆளில்லாத இடத்தில் யாருக்காக இந்தப் பேச்சு? கோதார் படம் பிடித்த கப்பல் கோஸ்டா கான்கார்டியா. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். தெரிந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் அந்த நடன விளக்குகள் வேறு மாதிரி இருக்கின்றன. அந்த அர்த்தம் கோதார் வைத்ததல்ல, நாம் கொண்டுபோவது. விமர்சகர்கள் அதைத் தீர்க்கதரிசனம் என்று அவர் கணக்கில் எழுதாமல் இருந்தால் நல்லது.

இன்னொன்று நம்ம 'மன்மதன் அம்பு'. இதை வாலஸோடு சேர்த்துப் பேசுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். நடிகையான த்ரிஷா விடுமுறைக்கு ஐரோப்பா போகிறார், அங்கே சொகுசுக் கப்பலும் வருகிறது. கமல் அவரை உளவு பார்க்க மாதவனால் அமர்த்தப்பட்டவர். அந்தக் கூலி அவருக்கு எதற்கு? புற்றுநோயில் கிடக்கும் நண்பனின் சிகிச்சைக்கு. ஆக, எல்லாரும் விடுமுறையில் இருக்கும் கப்பலில் ஒருத்தர் மட்டும் வேலையில் இருக்கிறார், விடுமுறையில் இருப்பது போல நடிப்பதும் அந்த வேலையின் பகுதி. வாலஸும் அதேதான். பத்திரிகைக்கு உளவு பார்க்கப் போன ஆள். அவருடைய கடல்நாள் அவருக்கு வேலைநாள். அதனால்தான் அவருக்கும் ஊழியர்களுக்கும் நடுவே ஓர் ஒட்டுறவு உருவாகிறது என்று நினைக்கிறேன். புன்னகைக்குப் பின்னால் இருக்கும் களைப்பை அவரால் பார்க்க முடிந்தது, அவரும் அங்கே களைத்துப்போனவர் என்பதால்.

தமிழருக்குக் கப்பல் ஒன்றும் புதிதல்ல. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. ஆயிரக்கணக்கானவர்கள் டெக்கில் பாய் விரித்துப் போனார்கள். தோட்டத்துக்கும் கடைக்கும் வேலைக்குப் போனவர்கள்தான் பெரும்பாலும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் கடல் என்பது பிழைப்பும் உயிரும் சேர்ந்து ஆடும் இடம். மேல்தளத்துச் சாய்வு நாற்காலி நமக்கு வந்து சேர்ந்தது இப்போதுதான். நம் கப்பல் நினைவு கீழ்த்தளத்திலிருந்து தொடங்குகிறது என்பது ஓர் எழுத்தாளருக்குப் பெரிய வசதி. வாலஸ் வெளியே நின்று ஊகிக்க வேண்டியிருந்ததை, இங்கே ஒருவர் தன் குடும்பத்தில் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

அதனால் புதிதாக வாலஸைப் படிப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. அவருடைய பொறாமையை, அடிக்குறிப்புகளை, சிறுமியிடம் சதுரங்கத்தில் தோற்றதை எல்லாம் சிரித்து ரசியுங்கள். பெட்டி தூக்கிய அந்தச் சம்பவத்துக்கு வரும்போது மட்டும் நிறுத்தி, இன்னொருமுறை படியுங்கள். அதிகாரி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனதும் கட்டுரை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். நீங்கள் நகராதீர்கள். கதவு சாத்திய பிறகு அந்தப் போர்ட்டர் எந்தப் படிக்கட்டில் இறங்கிப் போனார், அடுத்த பெட்டியை எத்தனை மணிக்குத் தூக்கினார் என்று யோசியுங்கள்.